லைசென்ஸ் வகுப்புக்கு அப்பால்: அமெரிக்காவில் இரண்டு நாள் தற்காப்புத் துப்பாக்கிப் பயிற்சி காசுக்கு ஏற்றதா?

டெக்சஸில் கைத்துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு வெளியே போக, 2021 செப்டம்பர் 1 முதல் லைசென்ஸ் கட்டாயமில்லை. சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி இருந்தால் போதும். ஆனாலும் வேறு மாநிலங்களில் செல்லும் என்பதற்காக எல்.டி.சி. என்ற, துப்பாக்கி ஏந்திச் செல்வதற்கான லைசென்ஸை எடுப்பவர்கள் ஏராளம். அதற்கான வகுப்பு 4 முதல் 6 மணி நேரம். பாடப் பகுதியை இணையத்திலேயே முடித்துவிடலாம். ரேஞ்சில், அதாவது சுடுதளத்தில், 50 தோட்டா சுட வேண்டும்: 3 கெஜத்தில் 20, 7 கெஜத்தில் 20, 15 கெஜத்தில் 10. பி-27 என்ற ஆள் வடிவக் குறிக் காகிதத்தில் 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. முதல்முறை துப்பாக்கியைத் தொட்டவர்கள்கூடப் பெரும்பாலும் தேறிவிடுவார்கள்.

அந்தத் தேர்வில் துப்பாக்கி ஏற்கெனவே கையில்தான் இருக்கும். சட்டையை விலக்கி உறையிலிருந்து உருவ வேண்டியதில்லை. நின்ற இடத்தைவிட்டு நகர வேண்டியதில்லை. தோட்டா சிக்கினால் நடத்துநர் வந்து பார்ப்பார். சுடலாமா, கூடாதா என்ற கேள்வியே எழாது; காகிதம் எதிரே தொங்குகிறது, விசில் அடித்ததும் சுட வேண்டும். ஆயுதத்தோடு ஒருவன் எதிரில் நிற்கும் நேரத்தில் ஆளைக் காப்பாற்றுவது இங்கே சோதிக்கப்படாத இந்த விஷயங்கள்தான். இல்லினாய்ஸ் 16 மணி நேரம் கேட்கிறது. நியூயார்க் 2022 முதல் 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரச் சுடுபயிற்சியும் கேட்கிறது. அங்கும் கூடியிருப்பது பெரும்பாலும் நாற்காலியில் உட்காரும் நேரமே.

ஆகவே இங்கே மதிப்பிட எடுத்துக்கொண்டது அதற்கு அடுத்த படி: அமெரிக்கா முழுக்கத் தனியார் பயிற்சியாளர்கள் நடத்தும் இரண்டு நாள் தற்காப்புப் பிஸ்டல் வகுப்பு. கட்டணம் பொதுவாக 400 முதல் 600 டாலர். நல்ல வகுப்பாக அமைந்தால் அந்தப் பணம் வீணில்லை. நல்ல வகுப்பு எது என்று பிரித்தறிவதில்தான் சிரமம்.

எதற்கும் முன்னால் ஒரு எச்சரிக்கை, நம்மவர்கள் பலர் தெரியாமல் மீறுகிற விஷயம் என்பதால். எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் வந்திருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. வாங்குவது மட்டுமே குற்றம் என்று நினைத்துக்கொண்டு, வார இறுதியில் நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியில் சுட்டுப் பார்க்கிறார்கள். கையில் எடுத்தாலே சட்டத்தின் பார்வையில் அது வைத்திருத்தல்தான். அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. குடியேற்ற வழக்கில் விளைவு தனி. வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு, ஆனால் அதை நம்பி இறங்கும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் குடிமக்களுக்கும் இந்தத் தடை இல்லை.

இனி, பயிற்சி உயிரைக் காக்குமா என்ற கேள்வி. நியூயார்க் நகரக் காவல்துறையின் துப்பாக்கிப் பயிற்சியை ஆராய்ந்து ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2008இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. எதிராளியும் திருப்பிச் சுட்ட மோதல்களில் காவலர்கள் சுட்ட குண்டுகளில் சுமார் 18 விழுக்காடே இலக்கில் பட்டன; எதிராளி திருப்பிச் சுடாதபோது 30 விழுக்காடு. ரேஞ்சில் தேர்ச்சி பெற்றுச் சம்பளம் வாங்கும் காவலர்களின் நிலை இது. காகிதத்தில் வரும் மதிப்பெண் தெருவில் அப்படியே கைகொடுக்காது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. படாத குண்டுகளும் எங்கேயோ போய் விழுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று நேரக் கணக்கு. சால்ட் லேக் சிட்டி காவல்துறையைச் சேர்ந்த டென்னிஸ் டூலர் 1983இல் எழுதிய கட்டுரை ஒன்றில், கத்தி வைத்திருப்பவன் 21 அடியை ஓடிக் கடக்கச் சுமார் ஒன்றரை விநாடி ஆகிறது என்று காட்டினார். உறையிலிருந்து எடுத்து ஒரு குண்டு சுட, பழகிய காவலருக்கே ஏறக்குறைய அதே நேரம் ஆகும். இதை '21 அடிக்குள் வந்தால் சுடலாம்' என்ற விதியாகச் சொல்லித்தரும் பயிற்சியாளரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். அது சட்டமும் இல்லை, அனுமதியும் இல்லை. முன்கூட்டியே விலகு, நகர், இடையில் ஏதாவது தடுப்பை வை என்பதற்கான காரணம் அது.

நல்ல வகுப்பில் முதல் நாள் காலை தோட்டா வெடிக்கும் முன் ஒரு மணி நேரமாவது பேச்சாகப் போகும். அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வகுத்துப் பரப்பிய நான்கு விதிகள் முதலில் வரும்: எல்லாத் துப்பாக்கியும் தோட்டா நிறைந்ததே, அழிக்க விரும்பாத எதன் மீதும் குழல் வாய் திரும்பக் கூடாது, சைட் (குழலின் மேலுள்ள குறிபார்க்கும் முனை) குறியில் நிற்கும்வரை விரல் டிரிக்கருக்கு வெளியே, குறி எது, அதன் பின்னால் இருப்பது எது என்று தெரிந்த பிறகே சுட வேண்டும். அடுத்து, காயம் பட்டால் என்ன செய்வது. முதலுதவிப் பை எங்கே இருக்கிறது, 911ஐ யார் அழைப்பார், ரேஞ்சின் முகவரி என்ன, யாருடைய வண்டி வாசலை நோக்கி நிற்கிறது என்பதெல்லாம் ஆள் பேர் சொல்லி ஒதுக்கப்பட வேண்டும். இந்தப் பகுதியைத் தாண்டி நேராகச் சுடும் வரிசைக்குப் போகும் வகுப்பு மட்டமான வகுப்பு. இதில் சமரசமே கிடையாது.

பிறகு முதல் வேலை, வெடிக்கு அஞ்சிக் கை முந்துவதைக் கண்டுபிடிப்பது. உங்கள் மேகஸினை, அதாவது தோட்டா அடுக்கும் பெட்டியை, பக்கத்தில் இருப்பவர் நிரப்புவார். நடுவில் எங்கேயோ ஓரிரு பொய்த் தோட்டா இருக்கும். அது குழலுக்கு வரும்போது வெடிக்காது, உதைக்காது. ஆனால் துப்பாக்கியின் மூக்கு சட்டென்று கீழே குத்தும். அந்தக் குத்தலை எல்லாரும் பார்ப்பார்கள், உங்களுக்கும் தெரியும். வலக்கைக்காரரின் குண்டுகள் இடப்பக்கம் கீழே போய்க் குவிவதற்கு வழக்கமான காரணம் இதுதான். சைட்டைத் திருகுவதாலோ விலை கூடிய துப்பாக்கி வாங்குவதாலோ இது தீராது. அரை மணி நேரம் இந்தப் பயிற்சி, வீட்டில் தோட்டா இல்லாமல் தொடர்ந்து செய்யும் வெற்றுப் பயிற்சி, இவைதான் தீர்க்கும்.

வகுப்பின் உயிர்நாடி உறையிலிருந்து எடுப்பது. இதைப் படிப்படியாகப் பிரித்துச் சொல்லித்தருகிறார்களா என்று பாருங்கள். முதலில் இடக்கை சட்டை விளிம்பை முழுக் கைப்பிடியாகப் பற்றி மார்பு வரை இழுக்க வேண்டும். விரல் நுனியால் பிடித்தால் துணி நழுவித் துப்பாக்கிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் மாட்டும். தொடக்கக்காரர்களின் முதல் தவறு இதுவே. வலக்கை, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள வளைவு பிடியின் உச்சியில் அழுந்தும்படி இறங்க வேண்டும். உறைக்குள் இருக்கும்போதே முழுப்பிடி கிடைத்துவிட வேண்டும். வெளியே எடுத்த பிறகு பிடியைச் சரிசெய்ய நேரம் இருக்காது. ஆள்காட்டி விரல் நீட்டியபடி உறையின் மேல். அடுத்து நேர்மேலாக உருவி, மணிக்கட்டு விலா எலும்பருகே வந்ததும் குழலை முன்னோக்கித் திருப்ப வேண்டும். இடக்கை அதுவரை மார்போடு ஒட்டியே இருக்க வேண்டும். முந்திக்கொண்டு நீட்டினால் உங்கள் கையே குழல் வாய்க்கு முன்னால் போய்விடும். மார்புக்கு முன் இரு கைகளும் சேர்ந்த பிறகுதான் முன்னே தள்ளுவது. சைட் கண்ணில் பட்டு, சுடுவதென்ற முடிவும் எடுத்த பிறகே விரல் டிரிக்கருக்குப் போகும்.

எடுப்பதைவிட ஆபத்தானது திரும்ப உறையில் போடுவது. அதற்கு அவசரமே கிடையாது. தானே சுட்டுக்கொள்ளும் விபத்துகளில் சட்டை நுனியோ, ஜாக்கெட் கயிற்றின் முடிச்சோ டிரிக்கர் வளையத்துக்குள் நுழைந்தது காரணமாக இருப்பதுண்டு. விரல் வெளியே, துணி விலக்கி, கண்ணால் பார்த்து, மெதுவாக. எதிர்ப்பு தெரிந்தால் அழுத்தாமல் நிறுத்த வேண்டும். ஆள்காட்டி விரலால் பொத்தானை அழுத்தித் திறக்கும் உறைகளைப் பல பள்ளிகள் அனுமதிப்பதில்லை. அழுத்திய விரல் அதே விசையோடு டிரிக்கரில் போய் விழும் என்பதே காரணம்.

7 கெஜத்திலிருந்து, மறைத்த துப்பாக்கியை எடுத்து மார்புக் குறியில் ஒரு குண்டு: 2 விநாடிக்குள் என்பது சாதாரண ஆளுக்கு நியாயமான அளவுகோல். முதல் நாள் காலையில் 3 விநாடிக்கு மேல் ஆகும். இரண்டாம் நாள் மாலைக்குள் பெரும்பாலானவர்களுக்குக் கணிசமாகக் குறையும். ஷாட் டைமர் வைத்து அளக்காத வகுப்பில் இது தெரியவே தெரியாது. துல்லியத்துக்கு, 5 கெஜத்தில் 5 அங்குல வட்டத்துக்குள் 5 விநாடியில் 5 குண்டு என்ற சோதனை எளிது, கறாரானது. ஒரு குண்டு வெளியே போனாலும் தோல்விதான்.

சிக்கல்களைத் தீர்ப்பதை லைசென்ஸ் வகுப்புகள் அநேகமாகத் தொடுவதில்லை. டிரிக்கரை இழுத்து 'டிக்' என்று மட்டும் கேட்டால் மேகஸின் சரியாக உட்காரவில்லை அல்லது தோட்டா மோசம்: அடிப்பகுதியை உள்ளங்கையால் ஓங்கித் தட்டு, ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்பின் நகரும் பகுதி) முழுக்க இழுத்து விடு. காலிக்கூடு வெளியேறாமல் புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டாலும் இதே வைத்தியம். இரட்டைத் தோட்டா நெருக்கியடித்து நிற்பது வேறு விவகாரம். தட்டி இழுத்தால் இன்னும் இறுகும். ஸ்லைடைப் பின்னால் பூட்டி, மேகஸினைப் பிய்த்தெடுத்து, ஸ்லைடை மூன்று முறை இழுத்து, வேறு மேகஸின் போட்டு, மீண்டும் ஒருமுறை இழுக்க வேண்டும். இதற்கு நல்ல கைகளுக்கே 4, 5 விநாடி பிடிக்கும். எனவே நகர்ந்துகொண்டோ மறைவுக்குப் பின்னாலோ செய்யக் கற்றுத்தர வேண்டும். சிக்குவதற்கான காரணங்களும் பெரும்பாலும் கையில்தான் இருக்கின்றன. மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது. கட்டை விரல் ஸ்லைடு நெம்புகோலின் மேல் படுத்திருந்தால் காலியானபோது ஸ்லைடு பூட்டாது. காலித் துப்பாக்கியோடு ஒரு 'டிக்'. மற்றவை, தளர்ந்த மேகஸின் ஸ்பிரிங்கும் மலிவான தோட்டாவும்.

மறைவைப் பற்றி ஒன்று. அமெரிக்க வீட்டு உட்சுவர் ஜிப்சம் பலகை; 9 எம்.எம். குண்டு அடுத்தடுத்த அறைகளையே துளைத்துப் போகும். சோபாவும் கார்க் கதவும் ஆளை மறைக்கும், குண்டைத் தடுக்காது. காரில் நம்பத்தக்கது எஞ்சின் பகுதியும் சக்கரமும். குழந்தைகள் எந்த அறையில் தூங்குகிறார்கள் என்பதை வைத்து, எந்தத் திசையில் சுடவே கூடாது என்று வீட்டுக்காரர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். இதை வரைந்து பார்க்கச் சொல்லும் பயிற்சியாளர் கிடைத்தால் விடாதீர்கள்.

இரண்டாம் நாள் பிற்பகல் முகத்துக்கு முகம் மோதும் பயிற்சி இருந்தால், கட்டணத்தின் பாதி மதிப்பு அங்கேதான் இருக்கிறது. சிமுனிஷன் போன்ற சாயத் தோட்டாவோ ஏர்சாஃப்ட் துப்பாக்கியோ பயன்படுத்துவார்கள். நிஜத் துப்பாக்கி, தோட்டா, கத்தி எல்லாம் அந்த வளாகத்துக்கு வெளியே வைக்கப்பட்டு, ஒவ்வொருவரையும் இன்னொருவர் தடவிச் சோதித்த பிறகே தொடங்க வேண்டும். முகக்கவசம் கட்டாயம். காட்சிகள் எளியவை: ஏ.டி.எம். வாசலில் ஒருவன் நேரம் கேட்டபடி நெருங்குகிறான். கடைக் கல்லாவில் துப்பாக்கி நீட்டப்படுகிறது. இருட்டில் ஒருவன் பாக்கெட்டிலிருந்து கறுப்பாக எதையோ எடுக்கிறான், அது செல்போன். காகிதத்தில் அழகாகச் சுட்டவர் இங்கே செல்போனைச் சுடுவார், அல்லது பேச்சுக் கொடுத்தபடியே எதிராளி கைக்கெட்டும் தூரம் வரும்வரை நிற்பார். ஏற்கெனவே குறிபார்த்து நிற்கும் துப்பாக்கியை முந்த முடியாது என்பதும், கல்லாப் பணத்தைக் கொடுத்துவிட்டு அவன் கவனம் திரும்பும் நொடிக்குக் காத்திருப்பதே பல நேரம் சரி என்பதும் உடம்புக்குப் புரிவது இங்கேதான். பெட்ரோல் பங்க், மோட்டல், மதுக்கடை நடத்துபவர்கள் மற்ற எதையும்விட இந்தப் பகுதியைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

சுட்ட பிறகு என்ன என்பதும் காட்சியோடு சேர்ந்தே வர வேண்டும். 911இல் சொல்ல வேண்டியது இடம், ஆம்புலன்ஸ் தேவை, தாக்கப்பட்டது நீங்கள், உங்கள் அடையாளம். காவலர் வரும்போது கையில் துப்பாக்கி இருந்தால் அவர் கண்ணுக்கு நீங்கள்தான் குற்றவாளி. உறையில் போட்டு வெறுங்கையைக் காட்டி, சொன்னபடி செய்ய வேண்டும். விரிவான வாக்குமூலம் வழக்கறிஞர் வந்த பிறகு. டெக்சஸில் உயிர்ப்பறிக்கும் பலத்தைப் பயன்படுத்துவது குற்றவியல் தொகுப்பின் 9.32ஆம் பிரிவில் வருகிறது. அதை வகுப்பில் வாசித்து விளக்க வேண்டும்.

டூர்னிக்கே என்ற, இரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப் பட்டையைக் கட்டுவதையும் சொல்லித்தந்தால் கூடுதல் சிறப்பு. காயத்துக்கு 2, 3 அங்குலம் மேலே, மூட்டின் மீது படாமல் கட்டி, இரத்தம் நிற்கும்வரை குச்சியைத் திருகி, கட்டிய நேரத்தை எழுத வேண்டும். வலிக்கும், வலிக்கிறதென்று தளர்த்தக் கூடாது. இணையத்தில் அடிமாட்டு விலைக்கு வரும் போலிகளில் அந்தக் குச்சி முறுக்கும்போதே ஒடிகிறது. முதலுதவிப் பொருளில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பணம் கட்டும் முன் விசாரிக்க வேண்டியவை: ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை மாணவர்? 6க்கு மேல் போனால் உங்கள் கையை யாரும் கவனிக்க மாட்டார்கள். எத்தனை தோட்டா கேட்கிறார்கள்? இரண்டு நாளுக்கு 600 முதல் 800 போதும். ஒரே நாளில் 1000 என்றால் அது சத்தம், கற்றல் இல்லை. பயிற்சியாளர் தாமே சுட்டுக்காட்டுவாரா? காட்ட வேண்டும், ஆனால் சுருக்கமாக. சுடும் வரிசைக்கு முன்னால் ஆளை நிறுத்திப் படம் எடுக்கும் வீடியோ அவர்கள் பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். ராணுவத்தில் இருந்தவர் என்பது தனியாக ஒரு தகுதி ஆகாது. நகரத்தில் சட்டை மறைப்பில் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆளின் பிரச்சினை போர்வீரருடையது அல்ல.

செலவுக் கணக்கு: கட்டணம் போக, 9 எம்.எம். தோட்டா 800க்கு 200 முதல் 250 டாலர். டிரிக்கரை முழுக்க மூடும் கைடெக்ஸ் (கெட்டிப் பிளாஸ்டிக்) உறை, விறைப்பான பெல்ட், குறைந்தது 3 மேகஸின், கண்ணாடி, காதுக்கு இரட்டைப் பாதுகாப்பு. காதுக்குள் நுரை அடைப்பானும் அதன்மேல் கவசமும் இரண்டும் வேண்டும். கைத்துப்பாக்கிச் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். உள்ளரங்க ரேஞ்சில் இன்னும் மோசம். துப்பாக்கி விலை சேர்க்காமல் 1000 டாலரை ஒட்டி வந்து நிற்கும். இரண்டாவது துப்பாக்கி வாங்க நினைத்திருப்பவர்கள் அந்தப் பணத்தை இதில் போடலாம்.

குறை என்று சொல்ல வேண்டுமானால், கற்றது வேகமாக மங்கும். சில மாதம் தொடாவிட்டால் முதலில் போவது உறையிலிருந்து எடுக்கும் வேகமும் டிரிக்கர் கட்டுப்பாடும். வாரம் மூன்று முறை, 10 நிமிட வெற்றுப் பயிற்சி இதற்குப் போதும். தோட்டா முழுவதையும் வேறு அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கிக் குழலின் தோட்டா அறையையும் மேகஸின் குழியையும் கண்ணாலும் விரலாலும் இருமுறை சோதித்து, செங்கல் சுவர் மாதிரிக் குண்டு தாங்கும் பரப்பை நோக்கி மட்டும் செய்ய வேண்டும். முடிந்ததும் முடிந்ததுதான், தோட்டாவைப் போட்ட பிறகு 'இன்னொரு தடவை' என்று எடுப்பதில்தான் சுவரில் ஓட்டை விழுகிறது, சில வீடுகளில் அதைவிட மோசமானதும் நடக்கிறது.

யாருக்கு இந்தப் பயிற்சியைப் பரிந்துரைக்க முடியாது என்பதையும் நேராகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில் யாராவது மனச்சோர்வோடு போராடிக்கொண்டிருந்தால், குடிப்பழக்கம் கட்டுமீறியிருந்தால், எந்தப் பயிற்சியும் அந்த ஆபத்தைக் குறைக்காது. அந்த வீட்டுக்குத் துப்பாக்கி வேண்டாம். குழந்தைகள் உள்ள வீட்டில் உடம்போடு இல்லாத நேரமெல்லாம் பூட்டுப் பெட்டிக்குள். டெக்சஸில் தோட்டா போட்ட துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டுவைத்து, அது 17 வயதுக்குட்பட்டவர் கைக்குப் போய்விட்டால் விட்டுவைத்தவர் மீது குற்றம். விரல் பதிக்கும் பெட்டி வியர்வைக் கையில் மக்கர் செய்யும். பொத்தான் எண் உள்ளதை வாங்கி, இருட்டில் திறந்து பழகுங்கள்.

வகுப்பு முடிந்து வீடு திரும்பும்போது கையிலும் சட்டையிலும் ஈயத் தூள் இருக்கும். ரேஞ்சிலேயே குளிர்ந்த நீரும் சோப்பும் போட்டுக் கழுவிய பிறகுதான் சாப்பாடு. செருப்பு வாசலுக்கு வெளியே, உடுப்பு தனியாகத் துவைக்க, குளித்துவிட்டுக் குழந்தையைத் தூக்க.